கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே

தில்லியில் யோகாசனம் கற்றுக்கொள்ள இடம் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்கள் பேட்டைப் பூங்காவிலேயே காலை ஆறு மணிக்கு மூன்று கோஷ்டிகளைப் பார்க்கலாம். தொலைக்காட்சி பார்த்துக் கற்றுக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து 'புஸ் புஸ்' என்று கபாலபாதி செய்யும் கோஷ்டி ஒன்று. ஓய்வு பெற்ற அரசு அதிகாரிகளின் கோஷ்டி இன்னொன்று; அங்கே ஆசனத்தைவிட அகவிலைப்படி பற்றிய பேச்சுதான் அதிகம். கைகளை வானத்துக்குத் தூக்கி 'ஹா ஹா' என்று சிரிப்பவர்கள் மூன்றாவது கோஷ்டி. மார்க்கெட்டின் இரண்டாவது மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த குளிர்சாதன ஸ்டூடியோ ஒன்று உண்டு. அங்கே ஒரு மாதக் கட்டணம் நான் முதன்முதலில் வாங்கிய சம்பளத்தைவிட அதிகம்.

2015 ஜூன் 21 அன்று முதலாவது சர்வதேச யோகா தினத்தில் ராஜபாதையில் 35,985 பேர் கூடி ஆசனம் செய்தார்கள். அந்தச் செய்தியைத் தமிழாக்கம் செய்தவர்களில் நானும் ஒருத்தி. அன்று எங்கள் மேஜையில் எழுந்த ஒரே விவாதம், 'யோகா'வா 'யோகமா' என்பது. எம்.ஏ. தமிழ் படித்தவள் என்ற முறையில் நான் 'யோகம்' பக்கம் நின்றேன். "யோக தினம் என்று போட்டால் லாட்டரிக் குலுக்கல் மாதிரி இருக்கிறது, மேடம்" என்றார் செய்தி ஆசிரியர். தமிழில் யோகம் அடிக்கும். யோகாவைத்தான் செய்ய வேண்டும். அவர் சொன்னதே அச்சில் வந்தது.

அப்போது எனக்கும் ஆசனத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். 2017 டிசம்பரில் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் விடியற்காலையில் மட்டும். பிறகு கணிப்பொறி முன் உட்கார்ந்த அரை மணி நேரத்தில். ஜனவரியில், காய் நறுக்கும்போது கத்தி விரலில் படுகிறதா கத்தரிக்காயில் படுகிறதா என்பதே தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் காரணம் தெரிந்தது. கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருந்தது. பதினைந்து வருடமாக மடியில் ஆங்கிலமும் மேஜையில் தமிழுமாகக் குனிந்து நிமிர்ந்த கழுத்து அது.

"ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம். இரண்டு மாதம் டைப் செய்யாதீர்கள்" என்றார் மருத்துவர். சொல்லுக்கு இத்தனை பைசா என்று கூலி வாங்குகிறவளிடம் அப்படிச் சொல்வது, கடைக்காரரிடம் ஷட்டரை இறக்கச் சொல்வது மாதிரி. கணவர் சம்பளத்தில் வீட்டுக் கடன் போக மிஞ்சுவது பாலுக்கும் மளிகைக்கும் சரியாக இருக்கும். மகளின் பள்ளிக் கட்டணம் என் விரல்களிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரம் பிசியோதெரபி. முடிந்த அன்று அந்தப் பெண் சொன்னாள்: "இனி இங்கே வருவதால் பெரிய பயனில்லை, ஆன்ட்டி. வீட்டிலேயே தினமும் ஏதாவது செய்ய வேண்டும். யோகாகூடச் செய்யலாம். தலைகீழாக மட்டும் நிற்காதீர்கள்."

அதே மாதம் ஒரு பதிப்பாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆங்கிலத்தில் முந்நூறு சொச்சம் பக்கங்களில் ஒரு யோகாசனக் கையேடு. தமிழில் வேண்டும், அவசரமில்லை, ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம். டைப் செய்ய முடியாவிட்டால் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளையும் அனுப்புவதாகச் சொன்னார். அந்த ஆண்டு எனக்கு யோகம் அடித்தது என்றால் அது இதுதான். செய்து பார்க்காமல் மொழிபெயர்க்க முடியாத புத்தகம் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே கழுத்துக்காகவும் புத்தகத்துக்காகவும் ஒரே சமயத்தில் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினேன்.

முதலில் போனது சிவானந்தர் மரபில் வந்த வகுப்பு. ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது நம் பத்தமடையில். மலாயாவில் டாக்டராக இருந்து, பிறகு துறவியாகி, 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். அவர் சீடர் விஷ்ணுதேவானந்தர் 1957இல் மேல்நாட்டுக்குப் போய், ஒரு வகுப்பில் அடங்கும்படி பன்னிரண்டு ஆசனங்களை வரிசைப்படுத்திக் கொடுத்தார். உலகம் முழுக்க இந்த மரபின் வகுப்புகளில் ஏறத்தாழ ஒரே வரிசைதான்: சற்று நேரம் சவாசனம், கபாலபாதி, மூக்கு மாற்றி மூச்சு, சூரிய நமஸ்காரம், அதன்பின் சிரசாசனத்தில் தொடங்கித் திரிகோணாசனத்தில் முடியும் பன்னிரண்டு. விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் கனிவாகவே நடத்தினார். ஆனால் பன்னிரண்டில் முதல் மூன்றும் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம். மூன்றும் என் கழுத்துக்கு ஆகாதவை. மற்றவர்கள் காலை மேலே தூக்கியிருந்த இருபது நிமிடமும் நான் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். இந்த மரபில் ஒவ்வொரு ஆசனத்துக்கும் நடுவே சற்றுப் படுத்து ஓய்வெடுப்பது உண்டு. அது எனக்குப் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது பி.கே.எஸ். ஐயங்காரின் முறை. 1937இல் பதினெட்டு, பத்தொன்பது வயதில் புனேக்கு ஆசனம் சொல்லிக்கொடுக்கப் போனவர், 2014இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். 1966இல் வந்த அவருடைய ஆங்கில நூலைப் புரட்டாத யோகாசன ஆசிரியர் அநேகமாக இருக்க மாட்டார். இந்த முறையில் நிற்பதற்கே ஒரு பாடம் உண்டு. தாடாசனம் என்ற பெயரில் நாற்பது நிமிடம் நின்றேன். பாதத்தின் வெளி விளிம்பு தரையை அழுத்த வேண்டும், முழங்கால் சில்லு மேலே ஏற வேண்டும், தோள்பட்டை எலும்பு முதுகுக்குள் அமிழ வேண்டும், முகம் மட்டும் இறுகக் கூடாது. சுவரில் கயிறுகள், பெல்ட்டுகள், மரக்கட்டைகள், திண்டுகள், முதுகுப் பலகை கழற்றிய மடக்கு நாற்காலிகள். பார்ப்பவருக்கு நாடகக் கொட்டகையின் பின்கட்டு ஞாபகம் வரும். எட்டாத கைக்குத் தரையை உயர்த்திக் கொடுப்பதுதான் இத்தனை சாமான்களுக்கும் அர்த்தம். நோயாளிகளுக்காக இதைவிடச் சிரத்தையாக யாரும் யோசித்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. திரிகோணாசனத்தில் மேலே பார்க்காமல் நேரே பார்க்கச் சொல்லி, தலையைச் சுவரில் சாய்த்துக் காட்டிய அம்மையாருக்கு என் கழுத்து கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே ஒன்றரை மணி நேரம் ஒரு குரல் ஓயாமல் கட்டளையிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து தனியாக நின்றால் அந்தக் குரல் இல்லாமல் எனக்குக் கால் எங்கே கை எங்கே என்று தெரியவில்லை.

அதற்கு நேர்மாறான இடம் மைசூர் முறை. மைசூரில் 1948இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய பட்டாபி ஜோயிஸின் அஷ்டாங்க வின்யாச வரிசை. இங்கே ஆசிரியர் வாயைத் திறப்பது அபூர்வம். ஆளாளுக்கு வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு, அவரவர் மூச்சுக்கு ஏற்ப அவரவர் வேகத்தில் செய்கிறார்கள். ஓர் ஆசனம் கைவந்தால்தான் அடுத்தது கிடைக்கும். அமாவாசை, பௌர்ணமிக்கு விடுமுறை என்பது எனக்கு ஊர் ஞாபகத்தைக் கொண்டுவந்தது. அறையில் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். வியர்வை தரையில் சொட்டும். அழகான காட்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு ஆசனத்துக்கு ஒரு தரம் உள்ளங்கைகளை ஊன்றி உடம்பைத் தரைக்கு இணையாக இறக்கித் தூக்க வேண்டும். இருபது வயதுத் தோள்களுக்கான வேலை அது. பதினோராவது நாள், குனிந்து உட்கார்ந்திருந்த என் முதுகின்மேல் அங்கிருந்த இளைஞர் உதவி செய்வதாக நினைத்துத் தன் எடையை இறக்கினார். கழுத்திலிருந்து கட்டைவிரல்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி இருந்தது. கழுத்தைப் பற்றி முதல் நாளே படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை அவர் படித்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டாவது நாள் போகவில்லை.

இந்த இடத்தில் ஒரு சுவாரசியமான விஷயம். ஐயங்காருக்கும் பட்டாபி ஜோயிஸுக்கும் குரு ஒருவர்தான், திருமலை கிருஷ்ணமாச்சாரியார். 1888இல் பிறந்து 1989இல் சென்னையில் காலமானவர். ஐயங்காரின் அக்காவை மணந்தவரும் அவரே. ஒரே ஆசிரியரிடமிருந்து இப்படி இரண்டு துருவங்களா என்று நீங்கள் கேட்கலாம். விடை, யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்பதில் இருக்கிறது. 1933இலிருந்து மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் அவர் நடத்திய பள்ளியில் பெரும்பாலும் பையன்கள். துள்ளிக் குதிக்கும் வயது. துள்ளும் வரிசை பிறந்தது. பிற்காலத்தில் சென்னையில் அவரிடம் வந்தவர்களில் நோயாளிகளும் நடுத்தர வயதினரும் ஏராளம். எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கிருஷ்ணமாச்சாரியாரிடம்தான் அவர் மகன் தேசிகாச்சார் அறுபதுகளில் கற்றுக்கொண்டார். ஆகவே மூன்றாவதாக ஒரு கிருஷ்ணமாச்சாரியார் கிடைத்தார். ஒரே மூலத்துக்கு மூன்று மொழிபெயர்ப்புகள், மூன்று வாசகர்கள். எது அசல் என்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால் கம்பனா வான்மீகியா என்ற பட்டிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது.

பழமை விஷயமும் அப்படித்தான். பதஞ்சலியின் சூத்திரங்கள் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றே மூன்று. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் பதினைந்து. இன்று எல்லா வகுப்புகளுக்கும் பிள்ளையார் சுழியாகிவிட்ட சூரிய நமஸ்காரத்தை எல்லோருக்குமான தேகப்பயிற்சியாகப் பரப்பியவர்களில் முதன்மையானவர், மகாராஷ்டிரத்தின் சின்னஞ்சிறு சமஸ்தானமான ஔந்தின் ராஜா. அவர் அதைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்டது 1928இல். இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரு தைரியம் வந்தது. இத்தனை பேர் தத்தம் மாணவர்களுக்குத் தகுந்தபடி கூட்டியும் குறைத்தும் வந்திருக்கும்போது, பிதுங்கிய வட்டு கொண்ட ஒருத்தி தன் படுக்கையறையில் சூரிய நமஸ்காரத்தை விட்டுவிட்டால் சூரியன் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

நான்காவதாக அமைந்தது பீகார். நேரில் போகவில்லை, தில்லியில் பழக்கமான பீகார்க்காரப் பத்திரிகையாளர் ஒருவரின் அக்கா முங்கேரில் பயிற்சி பெற்றவர். கங்கைக் கரையிலுள்ள முங்கேரில் சுவாமி சத்யானந்தர் அறுபதுகளில் தொடங்கிய பள்ளியின் முறை அது. இவரும் பத்தமடைக்காரரின் சீடர்தான். முதல் பாடம் பவனமுக்தாசன வரிசை. காலை நீட்டி உட்கார்ந்து, கால் விரல்களை முன்னும் பின்னும் மடக்குவதில் ஆரம்பித்து, கணுக்கால், முழங்கால், இடுப்பு, கை விரல்கள், மணிக்கட்டு, முழங்கை, தோள், கழுத்து என்று மூட்டு மூட்டாக ஏறிப் போக வேண்டும். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். "இது எல்.கே.ஜி. பாடமாச்சே" என்று எண்ணுகிறவர்கள் கவனத்தை விரலிலேயே வைத்துப் பத்துத் தரம் செய்து பார்க்கலாம், ஏழாவது தரத்தில் மனம் கரண்ட் பில்லுக்குப் போய்விடும்.

மூன்றாம் வாரம் தீதி யோக நித்திரை செய்வித்தார். சத்யானந்தர் உருவாக்கிய முறை அது. பூஜையில் ஒவ்வோர் அங்கமாகத் தொட்டு மந்திரத்தை நிறுத்தும் நியாசத்திலிருந்து அதை எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அசையாமல் படுத்திருக்க வேண்டும். குரல் ஒவ்வோர் உறுப்பின் பெயராகச் சொல்லிப் போகும். மனம் அந்தந்த இடத்தைத் தொட்டுவிட்டு நகர வேண்டும். அவ்வளவுதான். சுற்று தொடங்கும் இடம் வலது கைக் கட்டைவிரல். அடுத்தது ஆள்காட்டி விரல்.

"தாஹினே ஹாத் கா அங்கூட்டா" என்றார் தீதி. அங்கே ஒன்றும் இல்லை. இருட்டு அறையில் கையை நீட்டி ஸ்விட்சைத் தேடும்போது சுவர் மட்டும் அகப்படுவது மாதிரி. அடுத்த பெயரிலும் அப்படியே. நடுவிரல் பளிச்சென்று இருந்தது. அதன்பின் உள்ளங்கை, மணிக்கட்டு என்று அவர் போய்க்கொண்டே இருக்க, நான் அந்த இரண்டு காலி இடங்களிலேயே நின்றுவிட்டேன். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. சொல் சொல்லாகத் தட்டி ஒரு குடும்பத்தை ஓட்டிய விரல்கள். தீதி பார்த்திருப்பார், நிறுத்தவில்லை, குரலை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார். அன்றிலிருந்து, யோகாசனம் கழுத்துக்கான கஷாயம் என்ற நினைப்பு எனக்கு மாறிவிட்டது. உடம்பின் எந்தெந்த அறைகளில் விளக்கு எரிகிறது என்று தினமும் ஒரு சுற்று பார்த்துவர வேண்டியிருந்தது.

2018 டிசம்பரில் அம்மாவைப் பார்க்கச் சென்னை போனபோது, தேசிகாச்சார் வழியில் கற்றுத்தரும் ஒரு முதிய ஆசிரியரைச் சந்தித்தேன். இங்கே வகுப்பு என்பதே கிடையாது, ஒருவருக்கு ஒருவர். கால் மணி நேரம் அவர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து நான் மூச்சு விடுவதைப் பார்த்தார். எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், வீட்டில் யார் யார், எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும் என்று கேட்டார். "முப்பது நிமிஷம்" என்றேன். "நெஜமா எவ்வளவும்மா?" என்றார். "இருபது" என்றேன். ஒரு வெள்ளைத் தாளில் குச்சி மனிதர்களாக ஏழு படம் வரைந்தார். எந்த அசைவுக்கு மூச்சு உள்ளே, எதற்கு வெளியே என்று அம்புக்குறி போட்டார். ஆசனத்தில் நீண்ட நேரம் நிற்பதற்கு முன், மூச்சோடு சேர்த்து ஆறு தடவை போய்வரச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்து வளைவுக்கும் மாற்றாக ஒன்று. தலைகீழ் ஆசனங்களுக்குப் பதிலாகக் கால்களை நாற்காலிமேல் வைத்துப் படுப்பது. "மூணு மாசம் இதைச் செய்யுங்கோ. அப்புறம் இது உங்களுக்குப் போதாது. அப்போ மாத்தலாம்."

ஊர் திரும்பும் ரயிலில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு சொல்கூட இல்லை. என் மேஜையிலோ முந்நூறு பக்கம் சொற்கள் காத்துக்கொண்டிருந்தன.

இனி அந்தக் கதை. யோகாசனக் கையேடுகளில் அதிகம் வரும் இரண்டு ஆங்கில வினைகளுக்குப் பொருள் மூச்சை உள்ளே எடு, மூச்சை வெளியே விடு. தமிழில் 'மூச்சு விடு' என்றால் வெளியே விடுவதும் அதுதான், சுவாசிப்பதும் அதுதான். 'மூச்சு விடாதே' என்றால் வாயைத் திறக்காதே என்றும் பொருள். 'மூச்சு வாங்கு' என்று எழுதினால் இன்னும் மோசம். மாடிப்படி ஏறியவருக்குத்தான் மூச்சு வாங்கும். 'உள்மூச்சு, வெளிமூச்சு' என்று எழுதிப் பார்த்தேன், பாடநூல் வாடை. திருமூலரின் மூன்றாம் தந்திரத்தில் பூரகம், கும்பகம், இரேசகம் எல்லாம் கணக்கோடு இருக்கின்றன: உள்ளே பதினாறு, நிறுத்த அறுபத்து நான்கு, வெளியே முப்பத்திரண்டு. எம்.ஏ. பரீட்சைக்கு அதை நெட்டுருப் போட்டபோது அவை வெறும் எண்கள். இப்போது சென்னை ஆசிரியர், நிறுத்துவது வேண்டாம், உள்ளே நான்கு எண்ணினால் வெளியே எட்டு எண்ணுங்கள் என்று சொல்லியிருந்தார். நடுவிலிருந்து கும்பகத்தை எடுத்துவிட்டால் திருமூலரிடத்திலும் மிஞ்சுவது அதே ஒன்றுக்கு இரண்டு. தரையில் உட்கார்ந்து எட்டுவரை எண்ணியபோதுதான் அது எனக்குப் பிடிபட்டது.

கடைசியில் நான் செய்தது இது. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுவதற்கு முன் ஜமுக்காளத்தின்மேல் செய்து பார்ப்பது; என் மாமியாரிடம் வாயால் சொல்வது; அவருக்குப் புரிந்து அவர் கை காலை நகர்த்தினால் எழுதுவது. அத்தைக்கு அப்போது எழுபத்தாறு வயது. கும்பகோணத்துப் பக்கம். பிள்ளையார் முன் தினமும் தவறாமல் தோப்புக்கரணம் போடுகிறவர். "மூச்சு உள்ளே வரட்டும், அத்தை. கை தானா மேலே போகட்டும்" என்றேன். கை போயிற்று. 'மூச்சை உள்ளிழுத்தவாறே கைகளை உயர்த்தவும்' என்று படித்துக் காட்டியபோது, "யாரை உயர்த்தச் சொல்றான்?" என்று கேட்டார். 'வரட்டும், போகட்டும்' நிலைத்தது. ஆங்கிலத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் 'கோர்' என்ற சொல்லுக்கு மட்டும் இன்றுவரை தமிழ் கிடைக்கவில்லை. நடுவுடல், மையத்தசை, அடிவயிற்றுக் கட்டு எல்லாம் எழுதி எழுதி அடித்தேன். அத்தையிடம் கேட்டால், "இருமும்போது இறுகற இடமா?" என்றார். அதையே விளக்கமாகப் போட்டேன். பதிப்பாளர் மறுப்பு சொல்லவில்லை.

இந்த வழக்கம் என் பயிற்சியையே சல்லடை போட்டுவிட்டது. எதை என் வாயால் தமிழில் சொல்லிச் செய்ய முடிந்ததோ அது தங்கியது. ஆசிரியரின் குரலை மனதுக்குள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ ஒலிக்க விட்டால்தான் வரும் என்பது ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ஐயங்கார் வகுப்பின் இருபது கட்டளைகளில் நான்கு தங்கின. மைசூர் முறையிலிருந்து ஆசனம் ஒன்றும் வரவில்லை. வரிசையை மனப்பாடமாக வைத்திருக்கும் பழக்கமும், வாய் பேசாமல் செய்வதும் வந்தன. வீட்டில் தனியாகச் செய்பவருக்கு அவை இரண்டும் பெரிய உதவி. அடுத்து என்ன என்று யோசிக்க ஆரம்பித்தால் கை கைப்பேசியைத் தேடிப் போய்விடுகிறது.

இடம் என்று பார்த்தால், எங்கள் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஆறடிக்கு இரண்டரை அடி. பக்கவாட்டில் கையை முழுதாக விரித்தால் பீரோக் கதவில் இடிக்கும். ஆகவே வலது கை விரியும் ஆசனங்களுக்குக் குறுக்காக நிற்பேன். பத்தமடைப் பாய் விரித்துப் பார்த்தேன். சிவானந்தர் ஊர்ப் பாய் என்ற சென்டிமென்ட்தான். மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. மடித்த ஜமுக்காளத்துக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டதும் சரியாயிற்று. பெல்ட்டுக்குப் பழைய நூல் புடவை. முதுகுப் பலகை உள்ள சாப்பாட்டு மேஜை நாற்காலியே போதும். மரக்கட்டைக்குப் பதிலாகச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனின் ஒரு தொகுதி. திரிகோணாசனத்தில் கை தரைக்கு எட்டாத குறையை அது சரியாக நிரப்புகிறது. "சரஸ்வதியை இப்படியா தரையில் போடுவா?" என்று அத்தை திடுக்கிட்டார். காலை வைக்கவில்லை, கையைத்தான் வைக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன். மறுநாள் லெக்சிகனுக்கு அடியில் ஒரு பட்டுத் துணி விரித்திருந்தது.

நேரம் காலை ஐந்தே முக்கால். தில்லி ஜனவரியில் அந்த நேரத்தில் தரையில் உட்கார முடியாது. ஏழரைக்கு, மகள் பள்ளிக்குப் போன பிறகு. நவம்பரில் காற்று கெட்டுப் போகும் வாரங்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஆசனம் மட்டும் செய்வேன். வேக மூச்சுப் பயிற்சி கிடையாது. அந்தப் புகைமூட்டத்தில் பூங்காவில் உட்கார்ந்து கபாலபாதி செய்கிறவர்களின் நம்பிக்கை எனக்கு இல்லை. வரிசை இதுதான்: மல்லாந்து படுத்து மூச்சைக் கவனிப்பது, முங்கேர் முறையில் விரலும் மணிக்கட்டும் தோளும், சென்னைத் தாளின் ஏழு படங்கள், சுவரோரம் ஒரு திரிகோணாசனம், நாற்காலியில் கால் வைத்து ஓய்வு, நான்குக்கு எட்டு மூச்சு. முப்பது நிமிடம் ஆகும். வேலைக்காரப் பெண் சீக்கிரம் மணி அடித்துவிட்டால் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வாரத்துக்கு ஐந்து நாள் என்பது பழைய டைரிகளில் தேதி பார்த்து எண்ணிய கணக்கு. பேப்பரில் வரும் நாற்பது நாளில் நலம் என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது, எனக்கு முதல் வித்தியாசம் தெரிய ஏழு மாதம் ஆயிற்று என்று எழுதிப் போடலாமா என்று தோன்றும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கண்ணாடி ஸ்டூடியோ மூடிவிட்டது. பூங்காவில் ஒருவரும் இல்லை. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை. மகளுக்கு வீட்டிலிருந்தே பள்ளி. ஆறடிக்கு இரண்டரை அடியும் ஆளாளுக்குத் தேவைப்பட்டது. நான் காலை ஐந்துக்கு நகர்ந்தேன். அந்த ஏப்ரலில்தான் யோக நித்திரையை என் குரலிலேயே கைப்பேசியில் பதிவு செய்தேன். தீதியின் இந்தியில் கேட்கும்போது ஒவ்வொரு பெயரையும் மனம் ஒருமுறை மொழிபெயர்த்துவிட்டுத்தான் அந்த உறுப்புக்குப் போகிறது, தொழில் புத்தி. 'அங்கூட்டா' என்பது கட்டைவிரலாகி வருவதற்குள் குரல் நடுவிரலுக்குப் போய்விடும். தமிழில் அந்தத் தாமதம் இல்லை.

இப்போது விரல்கள் எப்படி என்று கேட்பீர்கள். ஆள்காட்டி விரல் முழுக்கத் திரும்பிவிட்டது. கட்டைவிரலின் நுனியில், நகத்துக்குப் பக்கத்தில், கொத்துமல்லி விதை அளவுக்கு ஓர் இடம் இன்னும் மரத்திருக்கிறது. பிசியோதெரபி பாதி, உயரம் கூட்டிய மேஜை கொஞ்சம், காலம் கொஞ்சம், ஆசனம் மீதி என்று மருத்துவர் பங்கு பிரிக்கிறார். அந்தக் கணக்கில் எனக்குத் தகராறு இல்லை. இதே கழுத்து நோவுள்ள யாருக்கும் என் வரிசையை நான் எழுதிக் கொடுப்பதில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒருவரும், தன் மூச்சைக் கால் மணி நேரம் பார்க்கப் பொறுமையுள்ள ஆசிரியர் ஒருவரும் அவரவருக்கு வேண்டும்.

புத்தகம் 2019இல் வந்தது. அத்தைக்கு ஒரு பிரதி கொடுத்தேன். படங்களைப் பார்த்துவிட்டு, "தோப்புக்கரணம் இல்லையே" என்றார். பதிவு செய்த குரல் மட்டும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. மத்தியானம் சாப்பிட்ட பிறகு கைப்பேசியைக் காதருகே வைத்துக்கொண்டு படுக்கிறார். 'வலது கைக் கட்டைவிரல்' என்று நான் ஆரம்பிப்பது பக்கத்து அறையில் டைப் செய்துகொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். முழங்கை வருவதற்குள் குறட்டை கேட்கிறது. "தூங்கக் கூடாது, அத்தை. தூங்காமல் கேட்கணும்" என்று ஒருநாள் சொன்னேன். "பேரே நித்திரைன்னுதானேம்மா வெச்சிருக்கா?" என்றார்.